கிரீன் டீயைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பவர்களுக்கு

அன்புள்ள கிரீன் டீ அன்பர்களே,

‘அன்பர்கள்’ என்று எழுதிவிட்டேனே தவிர, உங்களில் பலருக்கு அந்தத் தேநீர்மேல் அப்படியொன்றும் அன்பு கிடையாது என்பது ஊரறிந்த ரகசியம். சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதாலோ, பழைய பேன்ட் இடுப்பில் ஏற மறுத்ததாலோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா அனுப்பிய வீடியோவாலோ பால் டீயை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்கள் நீங்கள். தளதளவென்று கொதிக்கும் வெந்நீர், அதில் ஒரு டீ பேக், அதை எடுக்க மறந்து பத்து நிமிடம், அப்புறம் அரை மூடி எலுமிச்சை, ஒரு ஸ்பூன் தேன். மூக்கைப் பிடிக்காத குறையாக ஒரே மூச்சில் உள்ளே தள்ளிவிட்டு, இன்றைய கடமை முடிந்தது என்று டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற உங்கள் எண்ணத்தோடு எனக்குச் சண்டையில்லை. “கிரீன் டீ என்றால் கசக்கத்தான் செய்யும், உடம்புக்கு நல்லது எது ருசியாக இருந்திருக்கிறது?” என்று நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்களே, அதோடுதான் சண்டை. அந்தத் தீர்ப்பைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்துவிட்டு, ஜப்பானில் விளையும் ஒரு தேயிலையின் சங்கதியைக் கேளுங்கள்.

அதன் பெயர் கியோகுரோ. பச்சைத் தேயிலைதான். நீங்கள் குடிக்கும் தேயிலையும் அதுவும் ஒரே செடியினம். ஆனால் பறிப்பதற்கு முன்னால் ஏறக்குறைய மூன்று வாரம் அந்தச் செடியை வெயில் படாமல் பந்தலிட்டு மூடிவைக்கிறார்கள். எதற்காக? உங்கள் டீ பேக் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே ‘ஆன்டி ஆக்சிடன்ட்’, அதில் பெரும்பங்கு கேட்டச்சின் என்ற பொருள்களுடையது. தேநீருக்குத் துவர்ப்பும் கசப்பும் தருவதில் அவற்றுக்கே முதலிடம். அவை இலையில் சேராமல் தடுக்கத்தான் அந்தப் பந்தல். நீங்கள் எதைத் தேடி முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறீர்களோ, அதைக் குறைப்பதற்காகவே அங்கே ஒரு விவசாயி ஆள் வைத்து, மூங்கில் கட்டி, வைக்கோல் பரப்பிப் பாடுபடுகிறார். பதிலுக்கு அவருக்குக் கிடைப்பது ருசி. ருசிக்காக மட்டும் ஒரு தேயிலைக்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பதை உங்கள் காதில் போட்டுவைக்கத்தான் இந்த மடல்.

நிழலில் என்ன நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தேயிலைச் செடி தன் வேரில் தியானின் என்ற அமினோ அமிலத்தை உண்டாக்கிக் கொழுந்துக்கு அனுப்புகிறது. தேநீரில் நாக்குக்கு இதமாகத் தெரியும் இனிமைக்கும் நிறைவுக்கும் அது முக்கியக் காரணம். கொழுந்தில் வெயில் விழுந்தால் அந்தத் தியானின் சிதைந்து, கேட்டச்சின் உருவாவதற்குச் செலவாகிவிடுகிறது. வெயிலை மறைத்துவிட்டால் அந்த மாற்றம் மட்டுப்படும்; தியானின் இலையிலேயே தங்கும். கூடவே, கிடைக்கிற கொஞ்சநஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிப்பதற்காகச் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. இலை கரும்பச்சையாகி, மெலிந்து அகன்று, மிருதுவாகிவிடுகிறது. அகத்தி நிழலில் வளரும் கொடிக்கால் வெற்றிலையைக் கிள்ளிப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. நிழல் இலையை என்ன செய்யும் என்பது நம் ஊர்க் கொடிக்கால்காரர்களுக்கும் பாடமான விஷயம்.

தியானினை முதன்முதலில் தனியே பிரித்தெடுத்தவர் சகாதோ யாஜிரோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி. 1950 வாக்கில், கியோத்தோ தேயிலை ஆய்வு நிலையத்தில் அவர் அதற்கு எடுத்துக்கொண்டது கியோகுரோ இலையைத்தான். விஞ்ஞானம் காரணம் சொன்னது அப்போதுதான். விவசாயிகளோ அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் ருசியை நினைத்தா முதல் பந்தலைப் போட்டார்கள்? இல்லை, பனிக்குப் பயந்து. கியோத்தோவுக்குத் தெற்கே இருக்கும் உஜியில் ஏப்ரல் மாதத்திலும் சில விடியற்காலைகளில் உறைபனி விழும். அப்போதுதான் துளிர்த்த கொழுந்து ஒரே இரவில் கருகிவிடும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானில் வாழ்ந்த போர்ச்சுகீசிய இயேசு சபைப் பாதிரியார் ஜோவாவ் ரொட்ரிகஸ், உஜித் தோட்டங்களை நாணலும் வைக்கோலும் போட்டு மூடும் வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். அவரும் பனியிலிருந்து காப்பதற்கென்றே காரணம் சொல்கிறார். மூடிவைத்த செடியின் இலை அதிகக் கசப்பில்லாமல் வேறொரு ருசி தருவதை அந்த விவசாயிகளின் நாக்கு கண்டுகொண்டது. பனிக்குப் போட்ட பந்தல் ருசிக்கு நிலைத்துவிட்டது. இன்று பனியை விரட்ட ஜப்பானியத் தேயிலைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களில் மின்விசிறிகள் சுழல்கின்றன. பந்தல் வேலை தனியே நடக்கிறது.

பழைய முறைப் பந்தலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். செடிகளுக்கு மேலே ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில் கம்பும் மூங்கிலுமாகச் சட்டம் கட்டியிருக்கும். ஏப்ரலில் கொழுந்து ஓரிரண்டு இலை விரித்ததும், சுருட்டிவைத்திருக்கும் நாணல் பாய்களை அந்தச் சட்டத்தின் மேல் விரிப்பார்கள். அப்போது வெளிச்சம் பாதியாகிவிடும். செடியைத் திடீரென்று இருட்டில் தள்ளினால் தாங்காது. எனவே முதலில் அரை நிழல். பத்து நாள் கழித்து ஆட்கள் பந்தலின் மேலே ஏறி, நாணல் பாயின் மீது வைக்கோலை உதறி உதறிப் பரப்புவார்கள். கை பார்த்துப் போடும் வேலை அது. ஓரிடத்தில் கனத்தும் ஓரிடத்தில் ஓட்டையாகவும் விழுந்தால் கீழே இலையும் அப்படியே திட்டுத்திட்டாக வளரும். இரண்டாம் முறையும் வைக்கோல் விழுந்தபின் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட உள்ளே வராது. அந்தப் பச்சை இருட்டில்தான் கொழுந்து கடைசி நாள்களைக் கழிக்கிறது. பறிப்பு முடிந்ததும் அதே வைக்கோலை இறக்கிச் செடிகளின் காலடியில் மூடாக்காகப் போட்டுவிடுவார்கள்.

இப்படி நாணலும் வைக்கோலும் போடுபவர்கள் இன்று குறைவு. பெரும்பாலான தோட்டங்களில் கறுப்பு நிறச் செயற்கைத் துணிதான் கட்டுகிறார்கள். வேலை சுலபம், செலவும் குறைவு. அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. நல்ல கியோகுரோ பலவும் கறுப்புத் துணிக்குக் கீழே வளர்ந்ததுதான். ஆனால் கியூஷு தீவின் யாமே பகுதி விவசாயிகள் தங்கள் பழைய முறையை விட்டுக்கொடுக்கவில்லை. வைக்கோல் போன்ற இயற்கைப் பொருளால் மூடி, கையால் பறித்த ‘யாமே பாரம்பரிய ஹொன்-கியோகுரோ’ 2015இல் ஜப்பானின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. உஜியும் யாமேயும் போக, ஷிசுவோகா மாநிலத்தில் ஃபுஜியேதா நகரை அடுத்த அசாஹினா பள்ளத்தாக்கும் கியோகுரோவுக்குப் பெயர்போன இடம். இத்தனையும் சேர்ந்தும் ஜப்பானின் மொத்தத் தேயிலை விளைச்சலில் கியோகுரோ ஒரு சதவீதத்தைத் தொடுவதில்லை.

ஏன் இவ்வளவு குறைவு? வெயில் இல்லாமல் மூன்று வாரம் நிற்பது செடிக்குப் பட்டினி. பட்டினி கிடந்த செடியிடம் அந்த ஆண்டு மறுபடி நல்ல கொழுந்து கேட்க முடியாது. திறந்தவெளியில் வளரும் சென்ச்சா தேயிலையை ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை பறிப்பார்கள். பழைய முறைக் கியோகுரோவுக்கு ஒரே பறிப்புதான், அதுவும் மே மாதத்தில். வழக்கமாகத் தேயிலைத் தோட்டம் என்றால் நம் கண்ணில் வருவது மட்டமாகக் கத்தரித்த பசும்புதர்கள். இங்கே அப்படியில்லை, செடியைக் கத்தரிக்காமல் அதன் போக்கில் கிளைவிட்டு வளரவிட்டு, பருத்த கொழுந்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளுகிறார்கள். பறிப்பு முடிந்ததும் கிளைகளை வெட்டிவிட்டு, உரம் கொடுத்து அடுத்த வசந்தம் வரைக்கும் செடிக்கு ஓய்வு. பறித்த இலையை உடனே ஆவியில் காட்டிப் பச்சை மாறாமல் நிறுத்தி, உருட்டி உருட்டிக் காயவைத்தால் கரும்பச்சை ஊசிகளாக வந்து நிற்கும். கபுசெச்சா என்று இன்னொன்றும் உண்டு. ஒரு வாரம் பத்து நாள் மட்டும் மூடியது. சென்ச்சாவுக்கும் கியோகுரோவுக்கும் நடுவில் நிற்பது. விலையும் அப்படியே நடுவில் நிற்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

“ஜப்பான்காரர்கள் ருசிக்குக் குடிக்கட்டும், நாங்கள் மருந்துக்குக் குடிக்கிறோம்” என்று உங்களில் யாராவது முணுமுணுத்தால், ஜப்பான்காரர்களும் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்துதான் புறப்பட்டார்கள் என்று சொல்வேன். 1191இல் சீனாவிலிருந்து திரும்பிய ஈசாய் என்ற ஜென் துறவி தேயிலை விதைகளைக் கொண்டுவந்தார். 1211இல் அவர் எழுதிய ‘கிஸ்ஸா யோஜோகி’ தேநீரின் மருத்துவ குணங்களைப் பாடும் நூல். 1214இல் முந்தின இரவின் மது தலைக்கேறி ஷோகன் என்ற படைத்தலைமைப் பதவியிலிருந்த சனெதோமோ சுருண்டு கிடந்தபோது, ஈசாய் ஒரு கிண்ணம் தேநீரோடு தேநீரைப் புகழும் நூலொன்றையும் கொடுத்தனுப்பினார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. ஆக, மருந்து என்ற பெயரில்தான் தேநீர் அந்த நாட்டில் மதிப்புப் பெற்றது. அதற்கப்புறம் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. இதை எப்படி வளர்த்தால், எப்படிக் காய்ச்சினால் நன்றாக இருக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தோண்டினார்கள்.

பந்தல் தேயிலை முதலில் பொடிக்குத்தான் போனது. இன்று உலகமெல்லாம் மாட்சா என்று கூவி விற்கும் அதே பொடி. உஜியின் நிழல் தேயிலையைச் சாடிகளில் அடைத்து ஒவ்வோர் ஆண்டும் ஷோகனுக்காக எதோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். வழியில் எதிர்ப்படும் குறுநில மன்னர்களும் அந்தச் சாடிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டாக வேண்டும். சாமானியர்களுக்கு அந்த ருசி எட்டாக்கனி. 1738இல் உஜியை அடுத்த கிராமமொன்றில் நகதானி சோயென் என்பவர், இலையை ஆவியில் காட்டி உருட்டிக் காயவைக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். வெந்நீர் ஊற்றி இறக்கும் சென்ச்சா அப்படிப் பரவியது. அதற்கு நூறாண்டு கழித்து, 1835இல், எதோ நகரத் தேயிலை வியாபாரி யாமாமோதோ கஹேய், பொடிக்கென்று பந்தலுக்குள் வளர்த்த கொழுந்தைப் பொடிக்காமல் உருட்டிப் பார்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. பந்தல் ஒரு பக்கத்திலிருந்தும் உருட்டல் ஒரு பக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்ததுதான் கியோகுரோ.

சரி, குடிக்கும் விஷயத்துக்கு வருவோம். உங்களுக்கு முதல் அதிர்ச்சி இங்கேதான். மூன்று பேருக்கு 10 கிராம் இலை, 60 மில்லி தண்ணீர். ஆமாம், 600 இல்லை, 60. தண்ணீரின் சூடு 50 முதல் 60 டிகிரி. ஊறவிடும் நேரம் இரண்டரை நிமிடம். ஜப்பானியத் தேநீர்க் கையேடுகளில் பொதுவாகக் காணும் அளவு இது. ஒருவருக்கு 20 மில்லியும் தேறாது; இலை உறிஞ்சிக்கொண்டது போக வருவது ஒரு வாய்.

இவ்வளவு தாழ்ந்த சூடு எதற்கு? அமினோ அமிலங்கள் வெதுவெதுப்பான நீரிலேயே தாராளமாகக் கரைந்துவிடும். கேட்டச்சினும் கஃபீனும் முழுதாக இறங்கச் சூடு வேண்டும். பந்தலுக்குள் செடி பட்ட பாட்டைக் கொதிநீர் ஒரே நொடியில் வீணாக்கிவிடும் என்பதால்தான் ஆறவைக்கிறார்கள். அதற்கென்றே யுசாமாஷி என்று மூக்கு வைத்த ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதைத் தேடி அலைய வேண்டாம். வீட்டில் டவரா டம்ளர் இருக்கும். கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதெல்லாம் பத்து டிகிரி அளவுக்கு இறங்கும். மூன்று முறை ஆற்றிவிட்டுச் சில நிமிடம் விடுங்கள். டம்ளரைக் கையில் பிடித்தால் சூடு உறைக்க வேண்டும், ஆனால் கீழே வைத்துவிடத் தோன்றக் கூடாது. அதுதான் பதம்.

இலையைச் சிறிய பாத்திரத்தில் போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றி மூடிவையுங்கள். கிளற வேண்டாம், ஆட்ட வேண்டாம். ஊசியாக இருந்த இலைகள் தாமாகவே விரியும். ஊற்றும்போது முதல் கிண்ணத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, திரும்ப முதல் கிண்ணத்துக்கு வந்து, எல்லோருக்கும் ஒரே திடம் கிடைக்கும்படி பங்கிட வேண்டும். கடைசிச் சொட்டு வரைக்கும் வடிய விடுங்கள். அந்தக் கடைசிச் சொட்டுகளில்தான் சாரம் அதிகம். அவை இலையிலேயே தங்கிவிட்டால் அடுத்த முறையும் கெட்டுப்போகும்.

இப்போது குடியுங்கள். அல்ல, நாக்கில் வையுங்கள். 1906இல் வெளியான நத்சுமே சோசெகியின் ‘குசாமகுரா’ நாவலில் வரும் ஓவியன் இந்தத் தேநீரைச் சொட்டுச் சொட்டாக நாக்கு நுனியில் வைத்து ருசிப்பான். மடக்மடக்கென்று விழுங்குவது அவனுக்குப் பிடிக்காத காரியம். முதலில் மூக்குக்கு எட்டுவது கடற்பாசியின் வாசனை. பந்தல் தேயிலைக்கே உரிய மணம் அது. டைமீத்தைல் சல்ஃபைடு என்ற பொருள் காரணம்; உலர்ந்த கடற்பாசியிலும் அதுவே மணக்கிறது. பிறகு வாயெல்லாம் பரவும் ஒரு கனம். பாகு மாதிரி வழுவழுவென்று நாக்கின் மேல் இறங்கி, விழுங்கியபின்னும் நெடுநேரம் தங்கும் ருசி. 1908இல் இகேதா கிகுனாயே கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளுட்டமிக் அமிலத்தைப் பிரித்து, இந்த ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கியோகுரோவில் தியானினோடு அந்தக் குளுட்டமிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. நம் அறுசுவையில் துவர்ப்புக்கு இடமுண்டு, இதற்கு இல்லை. அதனால் முதல் வாயில் “இது என்ன, தேநீரா ரசமா?” என்று நீங்கள் குழம்பினால் தப்பில்லை. இரண்டாம் வாய்க்குக் காத்திருங்கள்.

முதல் முறையோடு இலையைக் கொட்டிவிடாதீர்கள். இரண்டாம் முறைக்குச் சூட்டைப் பத்து டிகிரி ஏற்றி, அரை நிமிடத்தில் வடித்துவிடலாம். மூன்றாம் முறைக்கு இன்னும் சூடாக. அப்போது லேசாகத் துவர்ப்பு எட்டிப்பார்க்கும்; முன்பு வந்த இனிமைக்கு அது நல்ல ஜோடி. எல்லாம் முடிந்தபின் பாத்திரத்தில் மிஞ்சியிருக்கும் இலை பஞ்சுபோல மெத்தென்றிருக்கும். அதன் மேல் இரண்டு சொட்டு சோயா சாஸும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் விட்டுச் சாப்பிடுங்கள். ஜப்பானில் பொன்சு என்ற புளிப்புச் சாறு விட்டுச் சாப்பிடுவார்கள். உங்கள் எலுமிச்சைக்கு இதுதான் சரியான இடம். தேநீருக்குள் அதற்கு வேலையில்லை.

யாமேயின் மலைப்பகுதியான ஹோஷினோவில் இதையே இன்னும் எளிமையாகச் செய்கிறார்கள். மூடி போட்ட சிறிய கிண்ணத்தில் நேரடியாக இலை, அதன் மேல் 40 டிகிரி வெந்நீர் கொஞ்சம். இலை ஊறியதும் மூடியைத் துளி நகர்த்தி, அந்த இடுக்கு வழியாக உறிஞ்ச வேண்டும். திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டு நாலைந்து முறை குடித்தபின் இலையைச் சாப்பிட்டுவிடுவார்கள். தேநீர்ப் பாத்திரமே தேவையில்லாத இந்த முறைக்கு ஷிசுகுச்சா என்று பெயர்.

நம் வெயிலுக்கு நான் சிபாரிசு செய்வது பனிக்கட்டி முறை. இலையைக் கிண்ணத்தில் பரப்பி, நல்ல தண்ணீரில் உறைந்த ஐஸ் கட்டிகளை மேலே வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஐஸ் உருகும் வேகத்தில் தேநீர் இறங்கும். கசப்பு அறவே இருக்காது. சித்திரை வெயிலில் வீடு திரும்பியவருக்கு இதை ஒரு சின்னக் கிண்ணத்தில் நீட்டிப் பாருங்கள், அப்புறம் எனக்குச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, தண்ணீர். ஜப்பானியத் தண்ணீர் பொதுவாக மென்னீர். நம் போர்வெல் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும் இந்த நுண்ணிய ருசியை அமுக்கிவிடும். கேன் தண்ணீரோ, ஆர்ஓ தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்லியாக வேண்டும். ‘கிரீன் டீதானே, ராத்திரி குடித்தால் என்ன’ என்று இதில் இறங்காதீர்கள். ஜப்பானின் உணவுச் சத்து அட்டவணைப்படி, மேலே சொன்ன அளவில் இறக்கிய கியோகுரோவில் 100 மில்லிக்கு 160 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. காபியில் 60, சென்ச்சாவில் 20. குடிப்பது 20 மில்லிதான் என்பதால் ஒரு கிண்ணத்துக்கு 32 மில்லிகிராம் கணக்கு வரும், அஞ்சுவதற்கில்லை. ஆனால் உங்கள் வழக்கமான டம்ளரில் இதே திடத்தில் ஊற்றிக் குடித்தீர்களானால் அன்று இரவு கூரையை எண்ணிக்கொண்டு கிடப்பீர்கள். கஃபீன் ஆகாதவர்களும், கர்ப்பிணிகளும், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவர்களும் எந்தத் தேநீரானாலும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உங்களில் ஒரு பிரிவினர், குறிப்பாக இளைஞர்கள், டீ பேக்கை விட்டுவிட்டு மாட்சா லாட்டேக்குத் தாவிவிட்டீர்கள். உங்களுக்கும் இரண்டு வார்த்தை. அதுவும் பந்தல் தேயிலைதான். நிழலில் வளர்த்த கொழுந்தை ஆவியில் காட்டி, உருட்டாமல் அப்படியே காயவைத்து, காம்பும் நரம்பும் நீக்கினால் தென்ச்சா. அதைக் கல் திருகையில் அரைத்தால் மாட்சா. ஒரு திருகை ஒரு மணி நேரம் சுற்றினால் 40 கிராம் அளவுக்குத்தான் பொடி விழும். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் இந்தப் பொடிக்குக் கை நீட்டியதால், 2024 இலையுதிர் காலத்தில் மருக்யூ கொயாமாயென் போன்ற கியோத்தோவின் பெயர்பெற்ற தேயிலைக் கடைகளே ஆளுக்கு இவ்வளவுதான் என்று விற்பனைக்கு வரம்பு போட வேண்டியதாயிற்று. கியோகுரோவுக்கும் தென்ச்சாவுக்கும் பந்தல் ஒன்றுதான். பொடிக்கு விலை ஏறும்போது விவசாயி அந்தப் பக்கம் சாய்ந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வைக்கோல் பந்தலும் கைப்பறிப்புமாக வந்த மிக உயர்ந்த பொடியைப் பாலும் ஸ்ட்ராபெர்ரி பாகும் ஊற்றி மூழ்கடிப்பது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது. லாட்டேக்குச் சமையலுக்கென்று விற்கும் சாதாரணப் பொடியே போதும். ‘செரிமோனியல் கிரேடு’ என்று டப்பாவில் இருப்பதைப் பார்த்துக் காசைக் கொட்டாதீர்கள். ஜப்பானில் அப்படியொரு அரசுத் தரநிர்ணயம் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். நல்ல பொடி கையில் கிடைத்தால், ஒரு முறையாவது வெந்நீரில் மட்டும் அடித்துக் குடித்துப் பாருங்கள்.

விலையைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள். கியோகுரோ விலை அதிகம்தான், மறைக்க ஒன்றுமில்லை. இறக்குமதியாகி இங்கே வந்து சேரும்போது இன்னும் ஏறும். தினசரிக் குடிக்கும் பொருளாக ஜப்பானியரே இதை வைத்துக்கொள்வதில்லை. அங்கே அன்றாடத்துக்குச் சென்ச்சாவும் பான்ச்சா என்ற எளிய தேயிலையும்; கியோகுரோ விருந்தாளி வந்தால், அல்லது தனக்கே ஒரு விருந்து வைத்துக்கொள்ளத் தோன்றினால். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து 50 கிராம் வாங்கினால் ஐந்து உட்காரலுக்கு வரும். ஒவ்வோர் உட்காரலிலும் மூன்று முறை தேநீர், கடைசியில் இலை. ஓட்டலில் மூன்று பேர் உட்கார்ந்து எழும்போது வரும் பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள். அதுவும் கட்டுப்படியாகாது என்றால் கபுசெச்சாவிலிருந்து தொடங்குங்கள்.

வாங்கும்போது பொட்டலத்தில் விளைந்த இடமும் பறித்த ஆண்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘ஜப்பானியக் கிரீன் டீ’ என்பது எதையும் சொல்வதில்லை. பிரித்த பொட்டலத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, பெருங்காயமும் மசாலாவும் இருக்கும் அலமாரியிலிருந்து தள்ளிவையுங்கள். பக்கத்து வாசனையை இழுப்பதில் தேயிலையை மிஞ்ச ஆளில்லை. பிரிக்காததை ஃபிரிட்ஜில் வைக்கலாம். எடுத்தவுடனே திறந்தால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். திறந்தபின் ஒரு மாதத்துக்குள் குடித்துத் தீருங்கள். ‘நல்ல நாளுக்கு இருக்கட்டும்’ என்று பத்திரப்படுத்தினால் வைக்கோல்தான் மிஞ்சும்.

கேட்டச்சின்தான் வேண்டும், ருசியைப் பற்றிக் கவலையில்லை என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பந்தல் தேயிலை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வெயிலில் வளர்ந்த சென்ச்சா அதில் பணக்காரன், விலையிலும் எளியவன். கடைக்காரர் கியோகுரோவைக் காட்டி “இது சாதாரண கிரீன் டீயைவிடப் பத்து மடங்கு ஆன்டி ஆக்சிடன்ட் சார்” என்று அளந்தால், புன்னகையோடு அடுத்த அலமாரிக்கு நகருங்கள்.

இவ்வளவும் உங்களுக்கு ஒத்துவராது என்றாலும் ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் இப்போது இருக்கும் அதே கிரீன் டீயை, அது நீலகிரியில் விளைந்ததானாலும் சரி, நாளைக் காலையில் கொதிநீரில் போடாதீர்கள். தண்ணீரை இரண்டு ஆற்று ஆற்றிவிட்டு, ஒன்றரை நிமிடத்தில் இலையை எடுத்துவிடுங்கள். தேனும் எலுமிச்சையும் வேண்டாம். நன்றாக இருந்தால் கியோகுரோவைப் பற்றி மறுபடி யோசியுங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால், உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைத் தினமும் குடிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு நல்ல பால் டீயாகவே குடியுங்கள். அதையாவது கண்ணைத் திறந்துகொண்டு குடியுங்கள்.

இப்படிக்கு,
எந்த டீயையும் ருசிக்காகக் குடிக்கும் உங்கள் நண்பன்